சிகாகோவின் பில்சன்: பலரும் எட்டிப் பார்க்காத அருங்காட்சியகமும் சுவரோவியங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோவுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் பில்சனுக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். கிளம்பும் முன்பு ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பில்சன் என்பது எது? சிகாகோவுக்குள்தான் இருக்கிறதா?

ஆமாம், நகரத்துக்குள்தான். 'லூப்' என்கிற மத்திய வணிகப் பகுதியிலிருந்து தென்மேற்கே சுமார் 5 கிலோமீட்டர். நகராட்சியின் வரைபடத்தில் 'லோயர் வெஸ்ட் சைட்' என்று போட்டிருக்கும். பேச்சு வழக்கில் எல்லாருக்கும் அது பில்சன்தான். 18ஆம் தெரு அதன் முதுகெலும்பு. ரொட்டிக்கடை, மளிகை, முடிதிருத்தகம், மாதா கோயில் எல்லாம் அந்த ஒரு தெருவை ஒட்டியே இருக்கின்றன.

மெக்சிகோக்காரர்கள் வாழும் இடத்துக்கு ஏன் ஐரோப்பியப் பெயர்?

19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்கள் போஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த செக் மக்கள். தங்கள் ஊர்ப்பக்கத்து நகரமான பில்சனின் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர்களோடு போலந்துக்காரர்கள், லித்துவேனியர்கள் என்று இன்னும் பலர் வந்தார்கள். ஆற்றங்கரை மரக்கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்தது, அதுதான் காரணம்.

மெக்சிகோ மக்கள் இங்கே பெருமளவில் வந்து சேர்ந்த கதை வேறு. அதைத் தெரிந்துகொண்டு போனால் அருங்காட்சியகம் நன்றாகப் புரியும். பில்சனுக்குச் சற்று வடக்கே, ஹாரிசன் தெருவும் ஹால்ஸ்டெட் தெருவும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி இத்தாலியர்கள், கிரேக்கர்கள், மெக்சிகோக்காரர்கள் எல்லாம் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்துக்கு இடம் வேண்டும் என்று அந்தக் குடியிருப்புகளை இடித்தார்கள். 1965இல் வளாகம் திறந்தது. வீடிழந்த மெக்சிகோக் குடும்பங்களில் பலர் தெற்கே நகர்ந்து பில்சனுக்கு வந்தார்கள். அதாவது, ஒருமுறை பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் ஊன்றிய இரண்டாவது வேர் இது. அங்கே ஒவ்வொரு சுவரிலும் 'இது எங்கள் இடம்' என்று ஏன் இத்தனை அழுத்தமாக வரைந்திருக்கிறார்கள் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

சிகாகோவில் பார்க்க எவ்வளவோ இருக்க, இதற்கு ஏன் ஒரு நாள்?

ஏரிக்கரையில் இருக்கும் பெரிய அருங்காட்சியகங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அவை உலகத் தரமானவை. ஆனால் அங்கே இருக்கும் பொருட்கள் எங்கெங்கிருந்தோ வந்தவை. பார்த்துவிட்டு வெளியே வந்தால் ஏரியும் கார்களும்தான் இருக்கும். பில்சனில் அப்படி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த காகிதத் தோரணம் அடுத்த தெருக் கடை வாசலில் ஆடிக்கொண்டிருக்கும். சட்டத்துக்குள் பார்த்த குவாடலூப்பே மாதா அடுத்த சந்தில் ஒரு வீட்டின் பக்கச் சுவரில் நிற்பாள். கலையும் அதை உண்டாக்கியவர்களும் ஒரே தெருவில் இருப்பதைப் பார்ப்பது அபூர்வம். அதற்காகத்தான் ஒரு நாள்.

அங்கே இருக்கும் முக்கியமான அருங்காட்சியகம் எது? நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம். 19ஆம் தெருவில், ஹாரிசன் பூங்காவுக்குள் இருக்கிறது. கட்டணம் கிடையாது. திறந்த நாளிலிருந்து இன்றுவரை எவரிடமும் நுழைவுக்கு ஒரு காசு வாங்கியதில்லை.

இது தானாக வந்த சலுகை அல்ல. 1982இல் கார்லோஸ் டோர்டொலேரோ, ஹெலன் வால்டெஸ் ஆகியோரும் இன்னும் சில பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். கையில் இருந்தது 900 டாலர். கட்டிடம் இல்லை, சேகரிப்பு இல்லை, பணக்காரப் புரவலர் இல்லை. வகுப்பில் தங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்தக் கலையைக் காட்ட நகரத்தில் ஓர் இடம் இல்லை என்பது அவர்களுக்கு உறுத்தியது. ஐந்து வருடம் அலைந்து, 1987இல் பூங்காத் துறையின் பழைய படகுப் பட்டறையைப் பெற்று அருங்காட்சியகமாக மாற்றினார்கள். ஆமாம், படகு செய்து பழகும் பட்டறை. 2001இல் அதை விரித்துக் கட்டியபின் பரப்பு 48,000 சதுர அடி ஆனது. 2006இல் இப்போதைய பெயர் வந்தது.

நகர மையத்தில், பெயர்பெற்ற அருங்காட்சியகங்களின் வரிசையிலேயே இதையும் வைத்திருந்தால் கூட்டம் இன்னும் அதிகம் வந்திருக்கும். ஆனால் உழைக்கும் மக்கள் குடியிருக்கும் தெருவுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு ஒரு குடும்பம் பணத்தை எண்ணிப் பார்க்காமல் உள்ளே நுழைய முடிய வேண்டும் என்பது இந்த இடத்தின் பிடிவாதம். அந்த இலவசக் கதவை நான் மிகவும் மதிக்கிறேன். அதனால்தான் வெளியே வரும்போது நன்கொடைப் பெட்டியில் முடிந்ததைப் போடுங்கள் என்று கூட வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

நிரந்தரச் சேகரிப்பில் 18,000க்கும் மேற்பட்ட பொருட்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைப்பதில்லை, மாற்றி மாற்றி வைப்பார்கள். 'நுவெஸ்த்ராஸ் இஸ்தோரியாஸ்', அதாவது 'எங்கள் கதைகள்' என்ற நிரந்தரக் காட்சியில் தொடங்குங்கள். மாயா, அஸ்தெக் போன்ற பழங்கால மெசோ அமெரிக்க நாகரிகங்கள், ஸ்பானிய ஆட்சி, புரட்சி, எல்லை தாண்டிக் குடியேறியவர்களின் வாழ்க்கை என்று போகும். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கலை, இந்தப் பக்கத்துக் கலை என்று அவர்கள் பிரிப்பதில்லை. இரண்டும் ஒரே மக்களின் கலை என்பது அவர்கள் கொள்கை.

அச்சு ஓவியங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1937இல் மெக்சிகோ நகரில் தொடங்கிய 'மக்கள் அச்சுப் பட்டறை'யின் படைப்புகள் இந்தச் சேகரிப்பில் உண்டு. லினோலியத்திலும் மரத்திலும் செதுக்கி, மையிட்டு, மலிவான தாளில் அச்சடித்துத் தெருவில் ஒட்டியவை. விவசாயி, சுரங்கத் தொழிலாளி, பள்ளிக்கூட ஆசிரியை என்று கறுப்பு வெள்ளையில் தெரியும் முகங்களின் முன்னால் நான் எப்போதும் நீண்ட நேரம் நின்றுவிடுவேன்.

நாட்டுப்புறக் கலையில் உய்ச்சோல் பழங்குடியினரின் மணி வேலைப்பாட்டைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் வண்ணம் பூசியது போல் தெரியும். ஓர் அடி தூரத்துக்கு வந்தால்தான் அது வண்ணம் இல்லை, கடுகளவு கண்ணாடி மணிகள் என்று புரியும். மரத்தில் செய்த உருவத்தின் மேல் தேன்மெழுகைத் தடவி, மணிகளை ஊசி முனையில் எடுத்து ஒவ்வொன்றாக அழுத்திப் பதிப்பார்கள். மானும் சோளமும் சூரியனும் அப்படியே உருவாகின்றன. சில இடங்களில் மணிகளின் வரிசை லேசாகக் கோணியிருக்கும். அந்தக் கோணலில் ஒரு கை இருந்தது தெரியும்.

அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடம் இது. பேட்டைக்குள் இருக்கிறது என்பதற்காகச் சின்ன இடம் என்று நினைத்து அரை மணி நேரம் ஒதுக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

எனக்கு விருப்பமான காலம் அக்டோபர். காரணம், இறந்தோர் நாள் கண்காட்சி. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவதாக நம்பிக்கை. அதையொட்டி 1987 முதல் ஆண்டுதோறும் இங்கே கண்காட்சி வைக்கிறார்கள். இலையுதிர் காலம் முழுக்க இருக்கும், அமெரிக்காவிலேயே இவ்வகையில் மிகப் பெரியவற்றில் ஒன்று.

கண்காட்சியின் இதயம் 'ஒஃப்ரெண்டா'. நம் மொழியில் படையல் என்றே சொல்லிவிடலாம். படிப்படியாக அடுக்கிய மேடை, அதன் மேல் இறந்தவரின் புகைப்படம், அவருக்குப் பிடித்த சாப்பாடு, ரொட்டி, உப்பு, ஒரு தம்ளர் தண்ணீர், மெழுகுவத்தி. பயணம் செய்து வரும் உயிருக்குத் தாகம் இருக்கும் அல்லவா, அதற்குத்தான் தண்ணீர். சில படையல்களில் பாதி தேய்ந்த வேலைச் சப்பாத்து இருக்கும், பேஸ்பால் தொப்பி இருக்கும், மூக்குக் கண்ணாடி இருக்கும். ஓவியர்கள் செய்யும் படையல்கள் உண்டு, குடும்பங்களும் பள்ளிக்கூடங்களும் செய்பவையும் உண்டு. யாரென்றே தெரியாத ஒருவரின் கண்ணாடி முன்னால் நின்று கண் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பூ. படையல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் நிறைந்திருக்கும் பூவைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நம் ஊர்ச் செண்டுமல்லி, சில இடங்களில் துலுக்கச் சாமந்தி என்பார்களே, அதேதான். அதன் தாயகமே மெக்சிகோ. அங்கிருந்து கடல் கடந்துதான் நம் கோயில் வாசலுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் வந்தது. 'செம்பசூச்சில்' என்பது அங்கே அதன் பெயர். அஸ்தெக் மக்கள் பேசிய நாவாட்டில் மொழியில் 'இருபது பூ' என்று பொருள், ஒரு காம்பில் அத்தனை இதழ் என்பதால். இறந்தவர்கள் அந்த நிறத்தையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடித்து வருவார்களாம்.

நவம்பர் முதல் வாரத்தில் கூட்டம் அதிகம். பள்ளிப் பிள்ளைகள் வரும் வாரநாட்களில் காலையில் சத்தமாகவும் இருக்கும். அமைதி வேண்டுமென்றால் அக்டோபரில் ஒரு வாரநாள் மதியத்துக்கு மேல் போங்கள்.

எப்படிப் போவது?

லூப்பிலிருந்து பிங்க் லைன் ரயில் ஏறி '18ஆம் தெரு' நிலையத்தில் இறங்குங்கள். அருங்காட்சியகம் அங்கிருந்து ஐந்தாறு நிமிட நடை. கார் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் நிறுத்துமிடப் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த நிலையமே ஒரு கண்காட்சி. படிக்கட்டு, சுவர் என எங்கும் ஓவியங்கள். ஓவியரும் ஆசிரியருமான பிரான்சிஸ்கோ மெண்டோசா மாணவர்களோடு சேர்ந்து செய்த பணி அது. ரயிலை விட்டு இறங்கிய உடனே பில்சன் தொடங்கிவிடுகிறது. காரில் வந்தால் அது கிடைக்காது.

கண்டிப்பாகக் காரில்தான் வர வேண்டும் என்றால் தெருவோரம்தான் நிறுத்த வேண்டும். கம்பத்தில் எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டு நிறுத்துங்கள்.

திங்கட்கிழமைதான் எங்களுக்கு நேரம். அன்றைக்குப் போகலாமா?

அருங்காட்சியகம் திங்களன்று மூடியிருக்கும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். விடுமுறை நாட்களில் மாறலாம், கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆனாலும் திங்களன்று போவது வீண் இல்லை. ஊரிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு நான் ஒரு திங்கட்கிழமை போய், மூடிய கதவின் முன்னால் நின்றிருக்கிறேன். மாமாவுக்கு அன்று இரவு விமானம், இன்னொரு நாள் வர வழியில்லை. சரி, நடக்கலாம் என்று தெருக்களில் இறங்கினோம். மூன்று மணி நேரம் சுவர்களை மட்டுமே பார்த்தோம். சுவர்களுக்கு விடுமுறை கிடையாது.

அந்தச் சுவரோவியங்களில் எவற்றைத் தவறவிடக்கூடாது?

முதலில் அதன் பின்னணி. மெக்சிகோவில் புரட்சிக்குப் பிறகு, 1920களில், அரசே ஓவியர்களைக் கூப்பிட்டுப் பொதுக் கட்டிடங்களின் சுவர்களைக் கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்கும் தங்கள் வரலாறு தெரிய வேண்டும் என்பது எண்ணம். ரிவேரா, ஒரோஸ்கோ, சிகேரோஸ் மூவரும் அதில் பெரும் பெயர்கள். அந்த மரபைக் குடியேறியவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள். ஒரு வித்தியாசம், இங்கே சுவர் கொடுக்க அரசு முன்வரவில்லை. கடைக்காரரிடமும் வீட்டுக்காரரிடமும் மாதா கோயிலிலும் கேட்டு வாங்கி வரைந்தார்கள். 1968இல் மரியோ காஸ்டியோ என்ற இளம் ஓவியர் ஹால்ஸ்டெட் தெருவில் பேட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து போர் எதிர்ப்புச் சுவரோவியம் ஒன்றை வரைந்தார். அது இன்று இல்லை. பில்சன் சுவரோவியங்களின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

இப்போது பார்க்க வேண்டியவற்றில் எனக்கு முதலிடம் கல்லர்டன் தெருவில், வுல்காட் முனையில் இருக்கும் எக்டர் துவார்த்தேயின் வீடு. அவர் மெக்சிகோவின் மிச்சோவகானில் பிறந்தவர். தன் வீடும் பட்டறையுமான அந்தக் கட்டிடத்தின் மூன்று பக்கச் சுவர்களையும் சுற்றி ஒரே ஓவியமாக வரைந்திருக்கிறார். பெயர் 'அதிசய நாட்டில் கலிவர்'. 2005இல் முடித்தது. குள்ளர்கள் நாட்டில் கயிற்றால் கட்டிப்போடப்பட்ட கலிவரின் கதை தெரியுமல்லவா? இங்கே கலிவர் ஒரு மெக்சிகோக் குடியேறி. அவனைக் கட்டியிருப்பது கயிறு இல்லை, முள்கம்பி. எல்லையில் இருக்கும் அதே முள்கம்பி.

ஒரே இடத்தில் நின்று அந்த உடலை முழுதாகப் பார்க்க முடியாது. நீங்கள் சுவரைச் சுற்றி நடக்க வேண்டும், நடக்க நடக்கத்தான் அவன் நீள்கிறான். எங்கள் மாமா இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு எதிர்ச் சாரியில் போய் நின்று, 'இவன் கட்டை அறுத்துக்கிட்டு எழுந்திருச்சான்னா இந்த வீடே எழுந்திருச்சிரும் போல' என்றார். அந்த ஓவியத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விமரிசனம் அதுதான்.

அடுத்தது ரசீன் அவென்யூவில் காசா அஸ்ட்லான் இருந்த கட்டிடம். செக் குடியேறிகளுக்கான சேவை இல்லமாக இருந்தது, 1970களில் மெக்சிகோ மக்களின் சமூக மையமாக மாறியது. மொழி வகுப்பு, மருத்துவ உதவி, கூட்டங்கள், எல்லாம் அங்கே. ரே பட்லான் அதன் முகப்பில் மெக்சிகோ வீரர்களையும் தொழிலாளர் தலைவர்களையும் வரைந்தார். பிறகு அந்த அமைப்பு கட்டிடத்தை இழந்தது. 2017இல், அடுக்குமாடி வீடுகளாக மாற்ற வாங்கியவர்கள் அத்தனையின் மேலும் சாம்பல் நிறம் பூசிவிட்டார்கள். பேட்டை கொதித்துப்போனது. எதிர்ப்பு வலுத்ததும் மன்னிப்புக் கேட்டு, பட்லானையே திரும்ப அழைத்தார்கள். அதே ஆண்டில் அவர் புதிதாக வரைந்தார். இப்போது நீங்கள் பார்ப்பது அந்த இரண்டாவது ஓவியம். அழகாகத்தான் இருக்கிறது. அதற்குள்ளே வாழ்பவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

16ஆம் தெருவில் ரயில் பாதையைத் தாங்கும் நீண்ட மதில் முழுக்கவும் ஓவியங்கள்தான். தரம் ஒன்றுபோல இருக்காது. வெளியூர் ஓவியர்களின் வேலையும் கலந்திருக்கிறது. நேரம் இருந்தால் போங்கள்.

தனியார் கேலரிகள் இருக்கின்றனவா? உள்ளே போனால் வாங்கச் சொல்வார்களா?

இருக்கின்றன, யாரும் வாங்கச் சொல்லி நிற்க மாட்டார்கள். பில்சனின் கிழக்கு ஓரத்தில், 18ஆம் தெருவும் ஹால்ஸ்டெட்டும் சேரும் இடத்தைச் சுற்றி 'சிகாகோ ஆர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட்' என்று ஒரு தொகுதி உண்டு. கடைமுகப்புகளே பட்டறைகள், பின்னால் ஓவியர்களின் குடியிருப்பு. மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலையில் கதவுகளைத் திறந்து வைப்பார்கள். ஓவியரே நின்று பேசுவார், ஈரம் காயாத படங்களைக்கூடப் பார்க்கலாம். அக்டோபரில் பேட்டை முழுக்கப் பட்டறைகளைத் திறந்துவிடும் ஒரு வார இறுதியும் உண்டு. கேலரிகள் வருவதும் போவதுமாக இருப்பதால் இங்கே கடைப் பெயர்களைப் பட்டியல் போடவில்லை.

மாதத்தின் மற்ற நாட்களில் அந்தப் பக்கம் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். மெக்சிகோ வாழ்க்கையைப் பார்க்க வந்தவர்கள் மேற்குப் பக்கத்துக்கு முன்னுரிமை கொடுங்கள்.

செக் காலத்து மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

தலையைத் தூக்கிப் பாருங்கள், கட்டிடங்களின் உச்சியில் இருக்கிறது. மேல்விளிம்பு வேலைப்பாடுகள், கல்லில் செதுக்கிய பெயர்கள் எல்லாம் செக்காரர்கள் விட்டுப்போனவை. 18ஆம் தெருவில் அல்போர்ட் முனையில் இருக்கும் தாலியா ஹால் 1892இல் கட்டியது. இப்போது இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. இந்தத் தெருவின் பல கட்டிடங்களில் கீழே ஸ்பானிஷ் விளம்பரப் பலகை, மேலே போஹீமியக் கல் வேலை என்று இரண்டு குடியேற்றங்கள் ஒன்றாகத் தெரியும்.

பெனிட்டோ வாரெஸ் உயர்நிலைப் பள்ளியையும் வெளியே நின்றாவது பாருங்கள். பேட்டைப் பிள்ளைகள் தூரத்துப் பள்ளிகளுக்குப் போய் அவதிப்பட்டதால் பெற்றோர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், போராடி வாங்கிய பள்ளி. 1977இல் திறந்தது. வடிவமைத்தவர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கேஸ், மெக்சிகோ நகரின் புகழ்பெற்ற மானுடவியல் அருங்காட்சியகத்தைக் கட்டிய அதே கட்டிடக் கலைஞர். ஓர் அரசுப் பள்ளிக்கு அவரைக் கொண்டுவரச் செய்த அந்தத் தாய்மார்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

ஸ்பானிஷ் தெரியாது. சிரமமாக இருக்குமா?

இருக்காது. அருங்காட்சியகத்தில் விளக்கங்கள் ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் இருக்கும். கடைகளில் 'புவெனோஸ் தியாஸ்', 'கிராசியாஸ்' என்று இரண்டு சொல் சொல்லுங்கள், முகம் மலரும்.

குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாக. கட்டணம் இல்லாததால் பிள்ளை அரை மணி நேரத்தில் அழுதாலும் மனசு அடித்துக்கொள்ளாது. வெளியே வந்தால் பூங்கா, ஓட விடலாம். இறந்தோர் நாள் கண்காட்சியில் மண்டை ஓடுகளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று கேட்கிறார்கள். சர்க்கரையில் செய்து பூப்போட்ட மண்டை ஓடு அது, சிரித்துக்கொண்டிருக்கும். முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால் பயம் வராது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கிடைக்கும், கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும். பீன்ஸ்தானே, சோறுதானே என்று நம்பிவிடாதீர்கள். பீன்ஸை மசித்துத் தாளிக்கும்போது பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு. அதன் பெயர் 'மன்தேக்கா'. சிவப்புச் சோற்றைக் கோழி ரசத்தில் வேகவைப்பார்கள். சோளமாவை அவித்துச் செய்யும் 'தமாலே'யிலும் கொழுப்பு சேர்வதுண்டு. இன்னொன்று, 'கார்னே இல்லாமல்' என்று கேட்டால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொண்டு கோழியைப் போட்டுத் தரலாம். அதனால் 'சின் கார்னே, சின் போயோ, சின் மன்தேக்கா' என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் விரும்பிச் சாப்பிடுவது 'நொப்பாலே'. சப்பாத்திக் கள்ளியின் மடலை முள் நீக்கி, நறுக்கி வதக்குவார்கள். வெண்டைக்காய் மாதிரி லேசாக வழவழக்கும், சற்றுப் புளிக்கும். சோளத் தோசைபோன்ற தொர்த்தியாவில் பாலாடைக்கட்டியோடு வைத்துத் தருவார்கள். தெருமுனை வண்டியில் சோளக்கதிரில் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டுக் கொடுப்பார்கள், மயோனேஸ் வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். ரொட்டிக்கடைக்குள் போனால் ஒரு தட்டையும் இடுக்கியையும் நீங்களே எடுத்துக்கொண்டு அலமாரியில் இருந்து வேண்டியதை எடுத்து வைக்க வேண்டும். சிப்பி ஓடு மாதிரி மேலே கோடு போட்ட 'கோன்ச்சா' ரொட்டியைக் காலையிலேயே போய் வாங்குங்கள்.

பாதுகாப்பான இடமா?

பகலில் 18ஆம் தெருவிலும் அருங்காட்சியகத்தைச் சுற்றியும் குடும்பம் குடும்பமாக மக்கள் நடமாட்டம் இருக்கும். எந்தப் பெரிய நகரத்திலும் இருக்கும் கவனம் இங்கேயும் போதும். இருட்டியபின் ஆளில்லாத தெருக்களைத் தவிர்த்து 18ஆம் தெரு வழியாகவே நிலையத்துக்குத் திரும்புங்கள்.

புகைப்படம் எடுக்கலாமா?

தெருவில் சுவர்களைத் தாராளமாக எடுங்கள். ஓவியர் கையெழுத்திட்டிருக்கும் மூலையையும் சேர்த்து எடுத்து, பகிரும்போது பெயரைப் போடுங்கள். அருங்காட்சியகத்துக்குள் ஒவ்வொரு காட்சிக்கும் விதி மாறலாம், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனிதர்களை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள். குடியேற்ற அதிகாரிகளின் கெடுபிடிக்குப் பயந்து வாழும் குடும்பங்கள் அங்கே உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் தங்கள் முகத்துக்கு நேராகக் கேமராவைத் தூக்கினால் அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். துவார்த்தேயின் வீடும் ஒருவர் வசிக்கும் வீடுதான். நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும், சன்னலுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது.

நம்மைப் போன்றவர்கள் போகப் போக அங்கே வாடகை ஏறாதா? போவது சரிதானா?

இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டிய கேள்வி. 2000க்குப் பிறகு பில்சனை விட்டு வெளியேறிய லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஓவியங்களால் பேட்டைக்குப் பேர் வந்தது, பேரைப் பார்த்து வசதியானவர்கள் வந்தார்கள், வீட்டு விலையும் சொத்து வரியும் ஏறின, வரைந்தவர்களின் குடும்பங்களே இருக்க முடியாமல் போனது. காசா அஸ்ட்லானின் கதையும் இதுதான்.

ஒரு நாள் வந்துபோகும் பார்வையாளரால் வாடகை ஏறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செலவழிக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. புதிதாக வந்த பளபளப்பான காபிக்கடையில் உட்காராமல், ரொட்டிக்கடையிலும் தெருவண்டியிலும் சாப்பிடுங்கள். அருங்காட்சியகத்துக்கு நன்கொடை கொடுங்கள். படம் பிடித்துக்கொண்டு போய்விடாமல், சுவரில் இருப்பவர் யார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சொல்வதற்கு அவர்களுக்கு நிறைய இருக்கிறது.

நினைவாக என்ன வாங்கலாம்?

அருங்காட்சியகத்துக்குள் 'டியெண்டா சின்சுன்சான்' என்ற கடை இருக்கிறது. மெக்சிகோவின் கைவினைஞர்கள் செய்த பொருட்கள் கிடைக்கும். வண்ணம் தீட்டிய மர விலங்கு, மண் சிற்பம், வெள்ளி நகை என்று விலை ஏறிக்கொண்டே போகும். கையில் காசு குறைவென்றால் காகிதத் தோரணம் வாங்குங்கள். 'பப்பேல் பிக்காதோ' என்பார்கள். மெல்லிய வண்ணத்தாளை அடுக்கி, உளியால் கொத்திச் செய்வது. ஒரு சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கட்டினால் யாராவது பக்கத்தில் நடந்தாலே அசையும்.

இன்னும் அரை நாள் கையில் இருந்தால்?

இரண்டு வழி சொல்வேன். ஹால்ஸ்டெட் தெருவில் வடக்கே போனால், பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஜேன் ஆடம்ஸ் ஹல் ஹவுஸ் அருங்காட்சியகம். 1889இல் ஆடம்ஸ் குடியேறிகளுக்காகத் தொடங்கிய சேவை இல்லம். 1931இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அங்கிருந்த மட்பாண்டப் பட்டறையில் 1920களிலும் 30களிலும் மெக்சிகோக் குடியேறிகள் பானையும் தட்டும் செய்தார்கள். வளாகத்துக்காக இடித்தபோது 13 கட்டிடங்களில் இரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள். பில்சனைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், அந்தக் குடும்பங்கள் எங்கிருந்து கிளம்பினார்களோ அதே மண்ணில் நிற்பீர்கள்.

இன்னொன்று நகரின் வடமேற்கே ஹம்போல்ட் பூங்கா, புவெர்ட்டோ ரிக்கோ மக்களின் பேட்டை. டிவிஷன் தெருவின் குறுக்கே 59 அடி உயரத்தில் எஃகால் செய்த இரண்டு புவெர்ட்டோ ரிக்கோக் கொடிகள் அலைவது போல நிற்கும், 1995இல் நிறுவியவை. பூங்காவுக்குள் பழைய குதிரை லாயக் கட்டிடம் ஒன்றில் புவெர்ட்டோ ரிக்கோ கலை, பண்பாட்டு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயும் கட்டணம் இல்லை. பில்சனிலிருந்து நேரடி ரயில் கிடையாது, பேருந்து மாற வேண்டும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரநாட்களில் மாலையில் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் இரண்டு மணிக்கெல்லாம் 18ஆம் தெருவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.